பழகாத கருவியும் தவறிய உயரமும்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்த அந்தப் புயலின் மையத்தில் காற்றழுத்தம் 969 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதாக இந்திய வானிலைத் துறை மதிப்பிட்டது. கடல் மட்டத்துக்கு உலகம் முழுவதும் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கும் அளவு 1013.25. வித்தியாசம் 44. அத்தனை குறைந்த அழுத்தத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஒரு விமான உயரமானியை வைத்து, அதில் அழுத்தத்தைக் குறித்து வைக்கும் திருகை வழக்கமான 1013-இலேயே விட்டிருந்தால், அது ஏறத்தாழ 1,200 அடி உயரம் காட்டியிருக்கும். கருவியில் எந்தப் பழுதும் இருந்திருக்காது.

"இப்போது 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம்" என்ற அறிவிப்பைக் கேட்கும் பயணி, அது தரையிலிருந்து அளந்து சொல்லப்படும் தூரம் என்றே நினைக்கிறார். வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை உயரமாகக் கணக்கிட்டுக் காட்டும் எண் அது. அந்த எண் சரியாக இருக்க, விமானி திருகி வைத்த அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். அது எந்த அலகில் சொல்லப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். கருவியின் முகப்பைச் சரியாகப் படிக்க வேண்டும். உயரத்தை மாற்றப் போகும் கை சரியான குமிழைத் தொட வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று விமானிக்குப் பழக்கமில்லாததாக இருந்துவிட்டால், நல்ல தேர்ச்சியும் பல ஆண்டு அனுபவமும் உள்ளவர்கூட விமானத்தைத் தவறான உயரத்துக்குக் கொண்டுபோகிறார். பிறகு செய்தித்தாளில் "விமானியின் தவறே காரணம்" என்று வருகிறது. கடலூரில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இத்தகைய விபத்து அறிக்கைகளை ஆர்வத்தோடும் வருத்தத்தோடும் படித்து வந்திருக்கிறேன். அந்தத் தலைப்பு பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்பது என் உறுதியான கருத்து. மீதிப் பாதி விமானி அறையின் கருவிப் பலகையில் இருக்கிறது.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் சுவரோரம் மரச்சட்டத்தில் தொங்கும் ஃபோர்ட்டின் காற்றழுத்தமானியை இப்பகுதி மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கீழே உள்ள கிண்ணத்தில் பாதரசப் பரப்பை ஒரு தந்த முனை தொடும்வரை திருகைச் சுழற்றி, பிறகு மேலே வெர்னியர் அளவுகோலில் பாதரசத்தின் உயரத்தைப் படிக்க வேண்டும். விமானத்தில் பாதரசம் கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இருக்கிறது. விமானம் ஏற ஏற வெளி அழுத்தம் குறையும், சிமிழ் விரியும், அந்த விரிவு பற்சக்கரங்கள் வழியாக முள்ளைத் திருப்பும். இன்றைய விமானங்களில் இந்த வேலையை மின்னணு உணரிகள் செய்கின்றன, அடிப்படை அதேதான். தாழ்வான உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 27 அடி ஏறியதாகக் கருவி கொள்ளும்.

விமானம் ஏறாமலே வானிலையால் அழுத்தம் குறைந்தாலும் கருவி அப்படித்தான் கொள்ளும் என்பதே சிக்கல். அதனால்தான் முகப்பில் ஒரு சிறு சாளரமும் அதற்கு ஒரு திருகும் வைத்திருக்கிறார்கள். இறங்கப்போகும் இடத்தின் அன்றைய அழுத்தத்தைத் தரைக் கட்டுப்பாட்டு அறை சொல்லும். விமானி அதைச் சாளரத்தில் திருகி வைப்பார். முள் திருத்தப்பட்டுக் கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைக் காட்டும். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பால் கோல்ஸ்மன் 1928-இல் உருவாக்கிய ஏற்பாடு இது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தைக் கிளப்பி, பறந்து, இறக்கியும் காட்டினார். மேகத்துக்குள்ளும் இருட்டிலும் பறக்கும் காலம் அங்கிருந்து தொடங்கியது. உயரத்தைக் கண்ணால் சரிபார்க்க முடியாத காலமும் அதோடு சேர்ந்து தொடங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களிலும் அதற்குப் பின் வந்த பயணிகள் விமானங்களிலும் இருந்த உயரமானிக்கு மூன்று முட்கள். நீண்ட முள் நூறுகளைக் காட்டும், குட்டையான முள் ஆயிரங்களை, எல்லாவற்றிலும் சிறியது பத்தாயிரங்களை. 4,500 அடியிலும் 14,500 அடியிலும் பெரிய முட்கள் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில் நிற்கும். இரண்டு உயரங்களுக்கும் வேறுபாட்டைச் சொல்வது அந்தச் சின்ன முள் மட்டுமே. சில நேரம் பெரிய முட்களில் ஒன்று அதை மறைத்துக்கொண்டிருக்கும். எது அதிக ஆபத்தான தகவலோ அது ஆகச் சிறிய முள்ளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

இதில் உள்ள கேடு அன்றே தெரிந்திருந்தது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. அமெரிக்க விமானப்படைக்காகப் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1947-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவியைத் தவறாகப் படித்ததாக விமானிகளே சொன்ன 270 அனுபவங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். பல சுற்றுச் சுற்றும் முட்களைக் கொண்ட கருவிகளைத் தவறாகப் படித்தது அவற்றில் முன்னணியில் இருந்தது. உயரமானி அவ்வகையைச் சேர்ந்தது. "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் ஒதுக்கப்பட்ட தவறுகள் ஒரே மாதிரியாக, ஒரே கருவியில், வெவ்வேறு ஆட்களிடம் திரும்பத் திரும்ப நடப்பதை அவர்கள் காட்டினார்கள். ஆள் மாறியும் தவறு மாறவில்லை என்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இருக்க முடியாது.

ஆனாலும் மூன்று முள் கருவி விமானங்களில் தொடர்ந்தது. 1958 ஏப்ரல் 28 அன்று ஸ்காட்லாந்தில் ஒரு விக்கர்ஸ் வைகவுண்ட் விமானமும், அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இங்கிலாந்தின் தென்கரையருகே ஒரு பிரிஸ்டல் பிரிட்டானியா விமானமும், உயரமானியைப் பத்தாயிரம் அடி கூட்டிப் படித்ததால் தரையில் மோதின. முதலாவதில் இருந்தவர்கள் தப்பினார்கள்; இரண்டாவதில் 12 பேரில் 9 பேர் இறந்தார்கள். 1965 ஆகஸ்ட் 16 இரவு நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு வந்துகொண்டிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் போயிங் 727 விமானம் 6,000 அடியில் நிற்க வேண்டியது, நிற்காமல் மிச்சிகன் ஏரிக்குள் இறங்கியது. 30 பேரும் மாண்டார்கள். ஏன் நிற்கவில்லை என்பதை விசாரணையால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மூன்று முள் உயரமானியைத் தவறாகப் படித்திருக்கலாம் என்பதே இன்றுவரை வலுவான ஊகம். ஃபிட்ஸ், ஜோன்ஸ் ஆய்வு அப்போது 18 ஆண்டுப் பழமையானது.

இனி அலகு. கடலூர்க்காரர்களுக்கு ஹெக்டோபாஸ்கல் அந்நியமான சொல் அன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிக்கைகளில் அது வந்துகொண்டே இருக்கும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளில் விமானிகளுக்கு அழுத்தம் பாதரச அங்குலத்தில் சொல்லப்படுகிறது, அங்கே 1013.25 என்பது 29.92. ஹெக்டோபாஸ்கல் பயன்படுத்தும் ஒரு விமான நிலையத்தில் தாழ்வு மண்டலம் நிலைகொண்டிருக்கும் நாளில் கட்டுப்பாட்டாளர் "ஒன்பது ஒன்பது இரண்டு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கே பழகிய விமானியின் காதில் அது 29.92 ஆக விழ வாய்ப்பு மிக அதிகம். அவர் வாழ்நாள் முழுவதும் அதிகம் கேட்ட எண் அதுதான். 992-க்குப் பதில் 1013-க்குச் சமமான அளவைத் திருகி வைத்துவிட்டால், கருவி காட்டுவதைவிட விமானம் ஏறத்தாழ 600 அடி தாழ்வாகப் பறக்கும். 992 ஹெக்டோபாஸ்கலை அங்குலமாக மாற்றினால் 29.29 வரும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அதுவே 29.92. மறுபடி சரிபார்க்கும் கண்ணையும் ஏமாற்றும் அளவுக்கு ஒத்த எண்கள். விமானப் பாதுகாப்புப் பயிற்சிகளில் இந்த உதாரணத்தைத் தவறாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு: அழுத்தம் 992-க்கு இறங்கும் நாள் பெரும்பாலும் மேகமும் மழையும் சூழ்ந்த நாளாகத்தான் இருக்கும். ஜன்னல் வழியே தரையைப் பார்த்துத் தவறை உணரும் வாய்ப்பும் அன்று இருக்காது.

மீட்டரும் அடியும் மோதிய கதைகள் இன்னும் கொடியவை. 1999 ஏப்ரல் 15 அன்று ஷாங்காயிலிருந்து கிளம்பிய கொரியன் ஏர் சரக்கு விமானத்துக்கு 1,500 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 4,900 அடிக்கு ஏற அனுமதி கிடைத்திருந்தது. விமானம் 4,500 அடியை நெருங்கியபோது, அனுமதித்த உயரம் எவ்வளவு என்று தலைமை விமானி கேட்டார். 1,500 அடி என்றார் துணை விமானி. மூவாயிரம் அடி கூடுதலாக ஏறிவிட்டோம் என்று பதறிய தலைமை விமானி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினார். விமானம் குடியிருப்புப் பகுதியருகே விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரோடு தரையில் இருந்த ஐவரும் உயிரிழந்தார்கள். சீன வான்வெளியில் உயரம் மீட்டரில்தான் என்பது அந்த இருவருக்கும் தெரியாததல்ல. அடியிலேயே பறந்து பழகிய வாயில், அவசரத்தில் கேட்ட கேள்விக்கு, பழகிய அலகு தானாக வந்துவிட்டது.

அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டிலேயே பெரும் துயரம் நடந்திருந்தது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747 விமானமும் டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76 விமானமும் நடுவானில் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிக்கொண்ட விபத்துகளில் உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இதுதான். சவூதி விமானம் 14,000 அடியில் இருந்தது. கஜக் விமானம் 15,000 அடியில் நின்றிருக்க வேண்டும்; அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்த இல்யூஷினின் விமானி அறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். விமானத்தை ஓட்டுபவர்கள் முன்னால். கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசுபவர் வானொலி இயக்குநர். அவர் இருக்கை பின்னால். அவருக்கென்று தனி உயரமானி இல்லை. எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று அறிய அவர் முன்னிருக்கைக்காரர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். சோவியத் மரபில் வந்த அந்தக் குழுவினர் மீட்டருக்குப் பழகியவர்கள்; இந்தியக் கட்டுப்பாட்டாளர் சொல்வதோ அடியில். ஆகவே 15,000 என்ற கட்டளை ஆங்கிலத்தில் ஒருவர் காதில் விழுந்து, அவர் வாய் வழியாக இன்னொருவருக்குப் போய், மற்றோர் அலகுக்குப் பழகிய மனத்தில் பதிய வேண்டியிருந்தது. நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையில் நடந்த விசாரணை கஜக் விமானம் அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கியதையே காரணமாகச் சொன்னது. அது சரியான முடிவுதான். ஆனால் உயரம் என்ற ஒற்றை எண் அந்த அறைக்குள் எத்தனை கை மாறியது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த முடிவின் முழுப் பொருள் புரியும். கீழே டெல்லியில் அப்போது இருந்த முதல்நிலை ரேடார் விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. கட்டுப்பாட்டாளருக்கும் சரிபார்க்க வழியில்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் மோதல் எச்சரிக்கைக் கருவியை இந்திய வான்வெளியில் பறக்கும் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

முள்ளும் அலகும் பார்ப்பது பற்றியவை. கையின் கதை வேறு. அதற்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பறந்து போய்விடக்கூடிய பெங்களூரிலேயே உதாரணம் இருக்கிறது.

1990 பிப்ரவரி 14, நண்பகல் கடந்த நேரம், வானம் தெளிவு. மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இறங்கத் தாழ்ந்து வந்தது. அந்த வகை விமானம் இந்தியாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் தானியங்கிப் பலகை விமானிகளின் கண்ணெதிரே, கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, ஒரு நீண்ட பட்டையாக இருக்கும். அதில் வரிசையாகக் குமிழ்கள்: வேகத்துக்கு ஒன்று, திசைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, இறங்கும் வேகத்துக்கு ஒன்று. கடைசி இரண்டும் அடுத்தடுத்து இருப்பவை. இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 700 அடியாக வைக்கும்படி இடப்பக்க இருக்கையில் இருந்த விமானி கேட்டது குரல் பதிவில் இருக்கிறது. வலப்பக்கத்தில் இருந்தவர் 700 என்ற எண்ணைப் பக்கத்துக் குமிழில், உயரக் குமிழில், திருகியிருக்கலாம் என்பது விசாரணையில் பெரிதும் சாத்தியமாகக் கருதப்பட்ட விளக்கம்.

அந்தத் தவறின் விளைவைப் பாருங்கள். பெங்களூர் நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 700 அடிக்கு இறங்கு என்றால் தரைக்கு அடியில் போ என்று பொருள். தானியங்கி மறுகேள்வி கேட்கவில்லை. அந்த உயரத்தைத் தேடிப்போக எஞ்சின்களின் விசையைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிட்டது. பழைய விமானங்களில் எஞ்சின் விசை மாறும்போது நெம்புகோலும் கைக்குக் கீழே நகரும். உள்ளங்கையிலேயே அந்தச் செய்தி தெரிந்துவிடும். ஏ320-இல் தானியங்கி விசையை மாற்றினாலும் நெம்புகோல் இருந்த இடத்திலேயே இருக்கும். திரையில் வரும் எழுத்தைக் கண் பார்த்தால்தான் உண்டு. விமானம் வேகமிழந்து ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் தரை தட்டி, மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். கடைசி நிமிடத்தில்தான் இருவரும் எஞ்சின் விசை குறைந்த நிலையில் இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்கள். எஞ்சின்கள் மீண்டும் முழு விசைக்கு வர எடுக்கும் நொடிகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1992 ஜனவரி 20 இரவு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே மற்றோர் ஏ320 மலையில் மோதி 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அங்கே குமிழ் சரியானதுதான், அது இருந்த முறைமை வேறு. ஒரே குமிழ், ஒரே சாளரம். ஒரு பொத்தானை அழுத்துவதைப் பொறுத்து அது இறங்கும் கோணத்தையும் காட்டும், இறங்கும் வேகத்தையும் காட்டும். கோணமாக இருந்தால் 3.3 பாகை. வேகமாக இருந்தால் நிமிடத்துக்கு 3,300 அடி. ஆனால் சாளரத்தில் அது 33 என்று சுருக்கமாகத் தெரியும். நடுவில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் இறக்கத்தின் வேகம் நான்கு மடங்கு மாறிவிடும். குழுவினர் கோணத்தை வைப்பதாக எண்ணி வேகத்தை வைத்துவிட்டார்கள் என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். பிறகு ஏர்பஸ் அந்தச் சாளரத்தில் இறங்கும் வேகம் நான்கு இலக்கங்களிலும் முழுதாகத் தெரியும்படி மாற்றியது. இவ்வளவு எளிய திருத்தம் 87 உயிர் போன பின்புதான் வந்தது என்பதைப் பதற்றமில்லாமல் எழுத எனக்கு முடியவில்லை.

வாடகை வீடு மாறிய முதல் வாரத்தில் இருட்டில் கை பழைய வீட்டின் சுவிட்சு இருந்த உயரத்தையே தேடிப் போவதை எல்லோரும் அறிவோம். புதிய வீட்டில் சுவிட்சு எங்கே என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியும்; அந்த அறிவு கைக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. நெருக்கடியில் விமானிக்கு நடப்பது இதுதான். சாதாரண நேரத்தில் நிதானித்துப் புதிய கருவியைச் சரியாகக் கையாள்கிறார். வேலை குவியும்போது, குரல்கள் மோதும்போது, முதலில் கற்ற பழக்கம் மேலெழுந்து வருகிறது.

இதைவிட வியப்பானது, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவி. மேற்கத்திய விமானங்களில் விமானச் சின்னம் அசையாது, அடிவானக் கோடு சாயும். சோவியத் விமானங்களில் அடிவானம் சாயாது, விமானச் சின்னம் சாயும். 2000-இல் ஜூரிக் அருகே கிராஸ்ஏர் சாப் 340 விமானமும், 2008-இல் ரஷ்யாவின் பெர்ம் நகரில் போயிங் 737 விமானமும் இரவில் கட்டுப்பாடிழந்து விழுந்தபோது, சோவியத் விமானங்களில் பழகி வந்த விமானிகளின் கண் இந்தத் தலைகீழ் மாற்றத்தில் தடுமாறியதா என்பது இரு விசாரணைகளிலும் ஆராயப்பட்டது. முதலாவதில் 10 பேர், இரண்டாவதில் 88 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளுக்கு வேறு காரணங்களும் உண்டு.

"ஒரே வகை விமானம்" என்று காகிதத்தில் இருப்பதே பல நேரம் மனத்தை மெத்தனப்படுத்திவிடுகிறது. 2012 ஏப்ரல் 20 அன்று இஸ்லாமாபாத் அருகே விழுந்த போஜா ஏர் விமானம் போயிங் 737-200 குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் மேம்படுத்தப்பட்ட வடிவம், கூடுதல் தானியங்கி வசதிகள் கொண்டது. 127 பேரைப் பலிகொண்ட அந்த விபத்தில், மோசமான வானிலையோடு, அந்தத் தானியங்கி அமைப்பைக் குழுவினர் அறிந்திராததும் காரணமாக அறிக்கையில் இடம்பெற்றது. ஒரே பெயர்ப் பலகை, வேறு அறை.

தயாரிப்பு நிறுவனங்கள் விமானத்தை விற்கும்போது கருவிப் பலகையில் பல விருப்பத் தேர்வுகளைத் தருகின்றன. திரையில் உயரம் நெட்டுக்குத்தான எண்பட்டையாக ஓட வேண்டுமா, பழைய வட்ட முகப்பாகத் தெரிய வேண்டுமா என்பதுகூடச் சில விமானங்களில் வாங்குபவரின் தேர்வு. அந்த விமானம் பத்து ஆண்டு கழித்து வேறொரு நாட்டு நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போகும்போது, முதல் உரிமையாளரின் தேர்வுகளும் அதனோடு போகும். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் புதிய 737-700 விமானங்களை வாங்கியபோது, தன் பழைய 737-களின் வட்ட முகப்புகளையே புதிய திரைகளிலும் வரையச் செய்தது. நவீனத் திரையில் பழைய டயல் எதற்கு என்று தோன்றும். அதே விமானிகள் காலையில் பழைய விமானத்திலும் மாலையில் புதிய விமானத்திலும் உட்காருவார்கள் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. எனக்கு மிகவும் மதிப்பு ஏற்படுத்திய முடிவு அது.

எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை. வேறுபாடு சிறியது என்று வகைப்படுத்தப்பட்டால், விமானி ஒரு குறிப்பேட்டைப் படித்துக் கையெழுத்திட்டால் போதும் என்றே விதிகள் அனுமதிக்கின்றன. தரையிலுள்ள மாதிரி விமானத்தில் (சிமுலேட்டர்) உட்கார்ந்து பழக வேண்டிய கட்டாயம் பெரிய வேறுபாடுகளுக்கு மட்டும்தான். இந்த இடத்தில்தான் எனக்குக் கடும் கருத்து வேறுபாடு. படித்துத் தெரிந்துகொள்வது மூளை. தவறான குமிழைத் தொடுவது கை. என்னிடம் படித்து இன்று துணை விமானியாக இருக்கும் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏர்பஸ் விமானத்தின் உயரக் குமிழைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அது 100-இல் இருந்தால் ஒரு சொடுக்குக்கு நூறு அடி மாறும், 1000-இல் இருந்தால் ஆயிரம் அடி. "இருக்கையில் உட்கார்ந்ததும் அந்த வளையம் எதில் இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடுவேன் சார். முந்தைய விமானி எப்படி விட்டுப் போனார் என்று நமக்குத் தெரியாதே" என்றார். எந்தக் குறிப்பேடும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே உண்டாக்கிக்கொண்ட பழக்கம் அது.

புதுச்சேரி போன்ற சிறிய நிலையங்களில் இந்த நெருக்கடி சற்றுக் கூடுதலாகவே இருக்கும். லாசுப்பேட்டை விமான நிலைய ஓடுபாதையின் நீளம் 1,500 மீட்டர். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் விமானங்களே வந்துபோகின்றன. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மூன்றே வாரங்களில், டிசம்பர் 20 அன்று, பெங்களூர், ஹைதராபாத் சேவைகள் மீண்டும் தொடங்கின. பெங்களூரிலிருந்து கிளம்பும் விமானம் மேலேறி நிலைகொண்ட சிறிது நேரத்திலேயே இறங்கத் தயாராக வேண்டும். கிளம்பும்போது பெங்களூர் அழுத்தம், ஏறிய பின் 1013, இறங்கும்போது புதுச்சேரி அழுத்தம் என்று திருகை ஒரு மணி நேரத்துக்குள் இத்தனை முறை மாற்றியாக வேண்டும். எந்த உயரத்தில் 1013-க்கு மாற வேண்டும் என்பதுகூட உலகெங்கும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 18,000 அடி. பல நாடுகளில் அதைவிட மிகத் தாழ்வு, ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. ஏடிஆரிலேயே பழைய 72-500 வகையில் உயரமானி தனி வட்ட முகப்பு. 72-600 வகையில் திரையில் ஓடும் எண்பட்டை.

தரையிலிருந்து தவறான எண் வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் சார்லஸ் த கோல் நிலையத்தில் 2022 மே 23 அன்று நடந்ததே போதும். அழுத்தம் 1001, கட்டுப்பாட்டாளர் சொன்னது 1011. பத்து ஹெக்டோபாஸ்கல், ஏறத்தாழ 280 அடி. மழையில் ஓடுபாதை தெரியாமல், காற்றழுத்த உயரத்தையே நம்பி இறங்கிய ஏ320 விமானம், ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் சற்றுக் குறைவான தொலைவில் தரைக்கு ஆறு அடி உயரம்வரை வந்து, பிறகு மேலேறித் தப்பியது. தரைக்கு வானொலி அலையை அனுப்பி நேரடியாக உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானியில் பதிவான எண் அது. கருவிகள் அனைத்தும் அவற்றுக்குச் சொன்னதைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தன.

இந்த ஓட்டைகளை அடைக்க நல்ல வழிகள் வந்திருக்கின்றன. டான் பேட்மன் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த தரை நெருக்க எச்சரிக்கைக் கருவியின் மேம்பட்ட வடிவம், செயற்கைக்கோள் வழியாக உயரத்தைத் தனியே கணக்கிடுகிறது. ஆகவே திருகைத் தவறாக வைத்தாலும் அதை ஏமாற்ற முடியாது. விமானி தேர்ந்தெடுத்த உயரத்தையும் திருகி வைத்த அழுத்தத்தையும் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இருக்கின்றன. அதைப் படிக்கும் வசதியுள்ள கட்டுப்பாட்டு அறையில், தவறு விமானம் நகரும் முன்பே திரையில் தெரிந்துவிடும். உயரத்தை மாற்றும்போது ஒருவர் குமிழைத் திருப்ப, மற்றவர் சாளரத்தில் தெரியும் எண்ணை விரலால் சுட்டி உரக்கப் படிக்கும் வழக்கம் செலவில்லாதது. பல நிறுவனங்கள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. 29,000 அடிக்கு மேல் விமானங்களுக்கிடையே செங்குத்து இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்டுவிட்ட வான்வெளியில் இவை எல்லாமே தேவை.

ஆனால் இவை தவறு நடந்த பின் பிடிப்பவை. தவறை விதைக்கும் வேறுபாட்டைக் குறைப்பது நிறுவனங்களின், ஒழுங்குமுறை அமைப்புகளின் கையில் இருக்கிறது. குத்தகை விமானத்தைச் சேவையில் இறக்கும் முன் அதன் கருவிப் பலகையை மற்ற விமானங்களைப் போல மாற்றச் செலவாகும். மாற்ற முடியாதவற்றுக்கு மாதிரி விமானத்தில் பயிற்சி தரவும் செலவாகும். விபத்து அறிக்கையில் விமானியின் பறப்பு மணிகளைக் கூட்டிப் போடும்போது, அதே அமைப்புள்ள அறையில் அவர் பறந்தது எத்தனை மணி, முந்தைய அறை எப்படி இருந்தது, வேறுபாட்டை எப்படிக் கற்பித்தார்கள் என்பவற்றையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். நெய்வேலியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளைகளை விமானிப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.

அலகுகளை ஒன்றாக்குவதில் சற்று முன்னேற்றம் உண்டு. ரஷ்யா 2011 நவம்பரில் உயர்மட்ட வழித்தடங்களை மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றியது. சீனா மீட்டரிலேயே இருக்கிறது, அமெரிக்கா பாதரச அங்குலத்தை விடவில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவீட்டு விதிகள், அதாவது ஐந்தாம் இணைப்பு, உயரத்துக்கு மீட்டரைத்தான் முறையான அலகாகக் கொள்கின்றன. அடியைத் தற்காலிக மாற்றாக அனுமதிக்கின்றன. அந்தத் தற்காலிக அனுமதிக்கான முடிவுத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.